எட்டரை மணிக்கு மேல்: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு என்னால் அப்போது ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "குடிக்கறதில்லைங்க மச்சான், சரி. ஆனா குடிக்காம இருக்கறதே ஒரு வேலையா இருக்குதுங்க. வேற என்னதான் பண்றது?" என்றீர்கள். பக்கத்தில் ஆள் இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று தோன்றியது. உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் படிக்கிற இடத்தில் போடுகிறேன். பெயர், கம்பெனி எதுவும் இருக்காது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இதே கேள்வியோடு சுற்றும் பவர் டேபிள் (தையல் மெஷின்) டெய்லர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை என்பதால், யாரும் உங்களைக் கண்டுபிடிக்கப் போவதும் இல்லை.

குடிமறுவாழ்வு மையத்திலிருந்து நீங்கள் வந்த இந்த மூன்று மாதமாகச் சொந்தபந்தம் எல்லாம் மன உறுதி, மன உறுதி என்றே உங்களிடம் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் பெரிய நம்பிக்கை இல்லை. மன உறுதி இல்லாத ஆளா நீங்கள்? வருடா வருடம் கார்த்திகையில் மாலை போட்டு, மண்டலம் முழுக்க ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தவர்தானே! காந்தி ஜெயந்திக்குக் கடை இருக்காது என்று முதல் நாளே வாங்கி மொட்டை மாடித் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தவரும் நீங்கள்தான். திட்டம் போடத் தெரியாதவர் செய்கிற காரியமா அது?

அந்த மாலை நாட்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளியல், சரணம், காலில் செருப்பு இல்லாமல் கம்பெனிக்கு நடை. ராத்திரி யார் வீட்டிலாவது பஜனை இருக்கும், குருசாமி வருவார், சுண்டலோ பொங்கலோ கையில் கிடைக்கும். திட்டிக்கொண்டே இருக்கும் சூப்பர்வைசர்கூட "சாமி" என்று கூப்பிடுவார். குடிக்கக் கூப்பிட எவனுக்கும் வாய் வராது. குடி உட்கார்ந்திருந்த நேரத்தை முழுசாக வேறொன்று எடுத்துக்கொண்டது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்றே அந்தக் குளியல், பஜனை, கூட்டம், "சாமி" என்ற மரியாதை எல்லாம் ஒட்டுமொத்தமாகப் போய்விடும். குடிக்கக் கூடாது என்பது மட்டும் மிஞ்சும். அது மட்டும் தனியாக எத்தனை நாள் நிற்கும்? சபரிமலையிலிருந்து இறங்கிய ராத்திரியே கடை வாசலில் நின்ற சாமிகளை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம்.

இப்போது உங்களுக்கு நடப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். மையத்தில் மணி அடித்தால் எழுந்தீர்கள், மணி அடித்தால் சாப்பிட்டீர்கள், வட்டமாக உட்கார்ந்து பேசினீர்கள். வெளியே வந்ததும் மணி அடிக்க ஆள் இல்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது: இனி குடிக்கக் கூடாது என்பதைத் தினமும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு நாளை எப்படி அமைப்பது என்று மட்டும் பார்ப்போம். அதிலும் முழு நாள்கூட வேண்டியதில்லை. காலையில் தொல்லை இல்லை, மெஷினில் உட்கார்ந்துவிட்டால் பீஸ் கணக்கு உங்களைப் பார்த்துக்கொள்ளும். பிரச்சினை ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு வெளியே வருவதிலிருந்து பத்து மணிக்குக் கடை சாத்துவது வரைக்கும்தான். அப்புறம் சம்பளம் போடும் சனிக்கிழமை. இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு வழி கண்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. (பாதிக் கிணறு தாண்டினால் உள்ளேதானே விழ வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். மீதியும் எழுதியிருக்கிறேன், படியுங்கள்.)

முதல் வேலை, எட்டரைக்கே வயிற்றை நிரப்பிவிடுங்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். டிபன் டப்பாவில் ஒரு சப்பாத்தியை மிச்சம் வைத்திருந்து கம்பெனி கேட்டைத் தாண்டுவதற்குள் தின்றுவிடுங்கள். பசி, கோபம், தனிமை, அசதி இந்த நான்கில் ஒன்று வந்தாலே குடி ஞாபகம் வரும் என்று குடியை விட்டவர்கள் கூட்டங்களில் சொல்வார்கள். ஷிப்ட் விடும்போது உங்களுக்கு நான்கும் சேர்ந்தே இருக்கும். அதில் பசியைத்தான் உடனே தீர்க்க முடியும், அது போனாலே கோபமும் பாதி இறங்கிவிடும். அப்படியும் ஆசை வந்தால், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கு மேல் அதே வேகத்தில் நிற்காது. அந்த அரை மணி நேரம் எனக்குப் போன் போடுங்கள். நூல் விலை, பின்னலாடை ஆர்டர், மழை, எதை வேண்டுமானாலும் பேசலாம்.

சனிக்கிழமைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அன்றைக்குக் கையில் காசும் இருக்கும், கூட்டாளிகளும் இருப்பார்கள். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு வரச் சொன்னால் "அங்க போய் என்னத்தைப் பேசறது" என்கிறீர்கள். அது எப்படி ஆரம்பித்தது தெரியுமா? 1935-இல் அமெரிக்காவில் பில் என்ற பங்குத் தரகர் ஆக்ரான் என்ற ஊருக்கு வியாபார விஷயமாகப் போனார். குடியை விட்டு ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. போன காரியம் கெட்டுவிட்டது, கையில் காசில்லை, தங்கியிருந்த ஓட்டலில் ஒரு பக்கம் பார். உள்ளே போய்விடுவோம் என்ற பயம் வந்தது. தேவாலயத்துக்குப் போன் போட்டு, இந்த ஊரில் குடியை விட முடியாமல் தவிக்கும் ஆள் யாராவது உண்டா, நான் அவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். சுற்றிவளைத்து ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் அந்த அமைப்பு தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. கவனியுங்கள், பில் தேடியது தனக்குப் புத்தி சொல்ல ஒரு ஆளை இல்லை. தான் போய் உதவ ஒரு ஆளைத் தேடினார். உதவி கிடைத்த அந்த ஆளும் பிழைத்தார், உதவப் போனவரும் பிழைத்தார்.

இந்தியாவுக்கு அந்தக் கூட்டங்கள் 1957-இலேயே வந்துவிட்டன. தமிழிலும் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, முழுப் பெயர் கேட்க மாட்டார்கள். சும்மா பின்வரிசையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வாருங்கள், யாரும் பேசச் சொல்லி இழுக்க மாட்டார்கள். கடவுள் பேச்சு கொஞ்சம் அதிகம். எனக்கு அது இன்றுவரை ஒட்டவில்லை, ஆனாலும் போகிறேன். சரணம் சொன்ன உங்களுக்கு அது ஒரு தடையாக இருக்காது.

அடுத்து உடம்பு. சாக்லேட்டும் ஜிலேபியும் கேட்கிறது என்று வெட்கப்பட்டுச் சொன்னீர்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, நம்மூர்ச் சரக்கில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால், 400 கலோரிக்கு மேல். தினமும் வந்துகொண்டிருந்ததை நிறுத்தினால் உடம்பு வேறு வழியில் கேட்கத்தான் செய்யும். சர்க்கரை நோய் இல்லை என்று பார்த்தாயிற்று, அதனால் ஜிலேபியைத் தின்றுவிட்டுப் போங்கள், ஆறு மாதம் கழித்து அதைப் பற்றிக் கவலைப்படலாம். கனவும் அப்படித்தான். போதையில் தூங்கும்போது கனவு காணும் தூக்கம் குறைந்துவிடும். நிறுத்தியதும் அது மொத்தமாகத் திரும்பி வரும். கனவில் முழு பாட்டிலைக் குடித்துவிட்டு, வேர்த்துப்போய் எழுந்து, வாயை ஊதிப் பார்க்கிறவர்கள் ஏராளம். கனவில் குடித்ததெல்லாம் கணக்கில் சேராது.

இதைப் படிக்கும் வேறு யாராவது இன்றைக்கே நிறுத்துகிறேன் என்று கிளம்பினால், அவர்களுக்காக ஒரு விஷயம். காலையில் கை நடுங்கி, குடித்தால்தான் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர்கள் டாக்டரைப் பார்க்காமல் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகலாம். நம் மாப்பிள்ளைக்கே கடைசி இரண்டு வருடம் மாலை போட முடியாமல் போனது அந்த நடுக்கத்தால்தான், பக்தி குறைந்ததால் இல்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்கு மருந்து தருவார்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் குடி, போதையை விடுவதற்கான அரசு உதவி எண் 14446-ஐக் கூப்பிடலாம், இலவசம். "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிரம் போன்ற மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, ஆளே போய்விடலாம். ஒருவருக்குத் தெரியாமல் அவரைத் திருத்துவது என்பதே எனக்குப் பிடிக்காத காரியம்.

சரி, உங்கள் பெரிய குறைக்கு வருகிறேன். எல்லாம் சப்பென்று இருக்கிறது என்றீர்கள். பிள்ளை சிரித்தாலும் கிரிக்கெட்டில் ஜெயித்தாலும் உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்றீர்கள். உண்மைதான், இன்னும் சில மாதம் அப்படித்தான் இருக்கும். இத்தனை வருடம் பாட்டிலிலிருந்து மொத்தமாகச் சந்தோஷத்தை வாங்கிப் பழகிய மூளைக்குச் சில்லறைச் சந்தோஷம் கண்ணில் படாது. அது தன்னைச் சரிசெய்துகொள்ள நாள் எடுக்கும். அதுவரை பிடிக்கிறதா என்று பார்க்காமல் சிலதைச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நஞ்சராயன் குளத்துக்குப் போய் வாருங்கள். ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் ஏதோ ஒரு குட்டை என்று நாம் தாண்டிப் போன இடம், இன்றைக்கு அது பறவைகள் சரணாலயம். 2024-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். குளிர்காலத்தில் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து இறங்கும். உங்களுக்குப் பறவை பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை. பெரியவனுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த ஞாயிறு அவன் உங்களைத் தூங்கவிட மாட்டான். எனக்கு வேண்டியது அதுதான்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் தங்கச்சி பக்கம் பேசுகிறேன் என்றாகிவிடும், சொன்னாலும் அப்படித்தான் ஆகும். நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் முகர்ந்து பார்க்கிறாள் என்று கோபப்பட்டீர்கள். கோபம் நியாயம். அவள் பயமும் நியாயம். கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு சில வாரத்தில் கரையத் தொடங்கிவிடும், நம்பிக்கை அந்த வேகத்தில் வராது. இதை அவளிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, அதனால் வாதாட வேண்டாம். வரத் தாமதமாகும் என்றால் முன்கூட்டியே ஒரு போன், அவ்வளவு போதும். அவளிடமும் பேசியிருக்கிறேன். குடிப்பவர்களின் குடும்பத்துக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது, போய் வரச் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடம் தூங்காமல் காத்திருந்ததில் அவளுக்கும் ஒரு பழக்கம் பிடித்திருக்கிறது, அதற்கும் மருந்து வேண்டும்.

சம்பளக் கவரை அவளே வாங்கிக்கொள்வது மையத்தில் சொன்ன ஏற்பாடு. இதுவரை சரி. ஆனால் வருடக்கணக்கில் அப்படியே போவதில் எனக்குச் சம்மதம் இல்லை. காசைக் கையில் தொடாமலே இருக்கும் மனுஷனுக்கு வீட்டில் என்ன மரியாதை? தினம் ஒரு குவார்ட்டர் 150 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 4,500. சைடு டிஷ், பார், அடுத்த நாள் லீவு போட்ட சம்பளம் எல்லாம் சேர்க்கவே இல்லை. அந்த 4,500-ஐ மட்டும் உங்கள் பொறுப்பில் விடச் சொல்கிறேன். அடகில் இருக்கும் வளையலை நீங்களே நேரில் போய்த் திருப்பிக்கொண்டு வாருங்கள்.

"ஒரு வருஷம் கழிச்சு ஒரு பீர் மட்டும்" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். கை நடுங்கும் வரைக்கும் போனவர்களுக்கு அளவு என்று ஒன்று கிடையாது. நான் இத்தனை வருடத்தில் பார்த்த வரைக்கும் அப்படி ஒருவரும் இல்லை. அதைத் தாண்டியும் ஒருநாள் தடுக்கி விழுந்தால், அன்று ராத்திரியே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். ஒரு நாள் போனதே என்று ஒரு மாதத்தையும் கொடுத்துவிடுவதுதான் ஆளைச் சாய்க்கும்.

கடைசியாக, நல்லது கெட்டதுக்குப் போவதே பயமாக இருக்கிறது என்றீர்களே. நோம்பி, கிடாவெட்டு, துஷ்டி வீடு எங்கே போனாலும் ஒதுக்குப்புறமாக ஒரு கூட்டம் நிற்கும், உங்களைப் பார்த்ததும் கை காட்டும். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுங்கள், விளக்கம் சொல்ல நின்றால் இழுத்துவிடுவார்கள். அதைவிட நல்ல வழி கையில் ஒரு வேலையை வாங்கிக்கொள்வது. வேலை இருக்கும் ஆளை யாரும் ஓரமாகக் கூப்பிட முடியாது.

ஆவணியில் என் மகள் கல்யாணம் இருக்கிறது. மொய் நோட்டில் நீங்கள் உட்கார வேண்டும். உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும், பெயரோடு ஊரையும் சேர்த்து எழுதத் தெரியும், யார் வீட்டுக்கு நாம் எவ்வளவு செய்தோம் என்பதும் ஞாபகம் இருக்கும். முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கே நோட்டைத் திறந்துவிடுவோம். பணம் வாங்கி எண்ணிப் போட என் மச்சினன் பக்கத்தில் இருப்பான், அவனும் தொடாத ஆள். பத்து மணிக்கு நோட்டை மூடிப் பையைக் கட்டிக்கொண்டு மண்டபத்தில் தங்காமல் நேராக என் வீட்டுக்கு வந்துவிடுங்கள், தங்கச்சியும் பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள். காலையில் முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை, அதனால் ஐந்துக்கெல்லாம் மறுபடி மேஜைக்கு வர வேண்டியிருக்கும். இது வேறு யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. முடியுமா முடியாதா என்று இந்தச் சனிக்கிழமை போனில் சொல்லுங்கள், எட்டரைக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் மச்சான்