கஞ்சிக்கோடு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

தம்பி, தங்கச்சிகளுக்கு வணக்கம். அடுத்த வாரம் பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு நேர்முகத் தேர்வு இருப்பதால் இதைப் போடுகிறேன்.

சான்றிதழ்களை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நம் ஆட்கள் பலருக்கு எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் வெறும் இனிஷியல் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். அப்படியென்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று வில்லேஜ் ஆபீசர் தரும் சான்றிதழுக்கு அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) விண்ணப்பித்துவிடுங்கள். முந்தின நாள் ஓடினால் வேலைக்கு ஆகாது.

கேள்வி மலையாளத்தில் வரலாம். நம் கொழிஞ்சாம்பாறைத் தமிழ் கலந்து பதில் சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது. புரியாமலே தலையாட்டுவதுதான் கெடுக்கும். "ஒண்ணுகூடி பறயாமோ சார்?" (இன்னொரு தடவை சொல்ல முடியுமா சார்?) என்று தைரியமாகக் கேளுங்கள்.

ஃபிட்டர், டர்னர் படித்தவர்களுக்கு: வெர்னியரின் மீச்சிற்றளவு (அதில் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) பொதுவாக 0.02 மி.மீ., மைக்ரோமீட்டருக்கு 0.01 மி.மீ. இதை ஒப்பித்தால் மட்டும் போதாது. கருவியைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்வதும் உண்டு. அளக்கும் முன் கருவியின் தாடைகளைத் துடைத்து, மூடிப் பார்த்து, ஜீரோ சரியாக நிற்கிறதா என்று கவனியுங்கள். அனுபவமுள்ள சூப்பர்வைசருக்கு அந்த ஒரு செய்கையே போதும், பையன் வேலை தெரிந்தவன் என்று தெரிந்துவிடும்.

உடை? இஸ்திரி போட்ட சட்டை, ஷூ. புதுசு வாங்கக் கடன் வேண்டாம்.

சம்பளம் சொன்னால், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பி.எஃப். மட்டுமே அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம். அப்புறம், வேலைக்கு முன்பணம் கேட்கிற எவரிடமும் பேச்சே வேண்டாம்.

ஞாயிறு மாலை நூலகத்தில் மாதிரிப் பயிற்சி. வருகிறவர்கள் இந்தக் குழுவிலேயே பெயர் போடுங்கள். அதுவரை குட் மார்னிங் படங்களைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், பெயர்கள் மேலே போய்விடுகின்றன.