மஞ்சளாகப் பூப்பதெல்லாம் கொன்றை அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் 'கோடையை வரவேற்கும் கொன்றை' என்ற குறிப்புடன் சாலையோர மரம் ஒன்றின் வண்ணப்படம் வெளியாகியிருந்தது. படம் அழகாக இருக்கிறது. ஆனால் அது கொன்றை அல்ல, இயல்வாகை. பூங்கொத்துகள் கிளை நுனிகளில் வானம் பார்த்து நிற்கின்றன. மொட்டுகள் செம்பழுப்பு நிறம். இலை பொடிப்பொடியாகப் பிரிந்திருக்கிறது. உண்மையான கொன்றை, அதாவது சரக்கொன்றை, அதன் பூ அப்படி நிமிர்ந்து நிற்காது. 'தூங்கு இணர்க் கொன்றை' என்று குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அன்றே அடையாளம் சொல்லி வைத்திருக்கிறார்: தொங்கும் பூங்கொத்தை உடையது. காயும் முழ நீளத்துக்கு உருண்டு, முற்றியதும் கறுத்துத் தொங்கும். இயல்வாகைக் காய் தட்டையானது.

இயல்வாகையைப் பெருங்கொன்றை என்பாரும் உண்டு. நல்ல நிழல் தரும் மரம், அதன்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. நான் எழுதுவது இன்னொரு மரத்தை நினைத்து.

முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு காடுகளில் இன்று பரவிக் கிடக்கிற மரத்துக்கும் 'மஞ்சள் கொன்றை' என்றுதான் பெயர் வழங்குகிறது. தென் அமெரிக்கப் பக்கத்து மரம். அழகுக்காகக் கொண்டுவந்து நட்டது. அது அடர்ந்த இடத்தில் புல் தலையெடுப்பதில்லை. மானுக்கும் காட்டெருதுக்கும் யானைக்கும் மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது. மசினகுடிப் பக்கம் வெட்டப்பட்ட ஓர் அடிக்கட்டையைக் குனிந்து பார்த்தேன். பட்டையைப் பிளந்துகொண்டு விரல் பருமனில் புதுக்கிளைகள் சுற்றிலும் கிளம்பியிருந்தன; காலடியில் அதன் கன்றுகளே நெருக்கமாக முளைத்து நின்றன. வனத்துறை இந்த மரங்களை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்பி வருகிறது. வேரையும் கன்றையும் விட்டுவிட்டால் அந்த உழைப்பு வீணாகும்.

பூக்கும் காலத்தில் அவ்வழியே வருகிறவர்கள் காரை நிறுத்தி, "கொன்றை, சிவனுக்கு உகந்த பூ" என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அந்தப் பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காட்டை அழிக்கிற மரத்துக்குச் சிவன் தலைமேல் இருக்கிற பூவின் மரியாதையைக் கொடுத்தால், அதை அகற்ற வேண்டும் என்ற எண்ணம் யாருக்கு வரும்? கொங்கு நாட்டில் பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ பறிப்பவர்கள் யாரும் அதை வேறு பூவென்று மயங்குவதில்லை; ஆண்டுதோறும் கையால் தொட்டுப் பழகிய செடி அது.

பள்ளிகளிலும் கோயில்களிலும் கன்று நடுபவர்கள் நர்சரியில் பெயரை மட்டும் கேட்டு வாங்க வேண்டாம், இலையைப் பாருங்கள். சரக்கொன்றையின் ஓர் இலைக்காம்பில் பெரிய சிற்றிலைகள் நான்கு முதல் எட்டு ஜோடி வரை இருக்கும். மஞ்சள் கொன்றைக்கோ அதைவிடச் சிறியவை பத்துப் பதினைந்து ஜோடி.

திருத்தம் வெளியிடும்போது இம்மூன்று மரங்களின் பூ, இலை, காய் படங்களை அருகருகே வைத்து அரைப்பக்கமாவது ஒதுக்கித் தர வேண்டுகிறேன். படங்கள் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.