வட்டவளை மழைக்கு எத்தனை வாட்ஸ்?

பண்டாரவளை
ஆனி 12

அன்பின் சிவா மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு நியமனம் கிடைத்த செய்தி வீட்டில் எல்லாருக்கும் பெரிய சந்தோஷம். இங்கே காற்றுக்காலம் தொடங்கிவிட்டது, மழையைக் காணோம். அங்கே வட்டவளையில் நேர்மாறாக, மழையாகவே இருக்கும்.

பின்காம்பராவை உடற்பயிற்சிக்கு ஒதுக்கி, பாட்டுக்கு ‘1000 வாட்ஸ்’ ஸ்பீக்கர் செட் ஒன்றுக்கு விலை பேசி வைத்திருக்கிறாயாம். முற்பணம் கொடுத்திராவிட்டால் கொஞ்சம் பொறு. அந்த ஆயிரம் பி.எம்.பி.ஓ. (ஒரு கணத்து உச்சத்தைச் சொல்லும் விளம்பர எண்) கணக்கு, அட்டைப்பெட்டிக்கு மட்டும் சொந்தமானது. ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று ஓர் எண் போட்டிருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும். அதுவும் இல்லையென்றால் அடெப்டரைத் திருப்பிப் பார். 12 வோல்ட், 2 அம்பியர் என்றிருந்தால் செட்டுக்குள் போவதே 24 வாட்ஸ்தான்.

உன் அறைக்கு அதுவே போதும் என்பது வேறு கதை. 86 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) என்று குறித்த சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டில், ஒரு மீற்றர் தள்ளி, அந்தளவு சத்தம் தரும். இரண்டு மீற்றரில் 6 குறைந்து 80. பத்து வாட்ஸ் கொடுத்தால் 10 கூடி 90. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அதற்கு மேல் காதுக்குக் கேடு. 85 டெசிபலை எட்டு மணித்தியாலம் தாங்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 94இல் ஒரு மணித்தியாலம்தான்.

ஆனால் ஆடி மழை தகரத்தில் அடிக்கும்போது பயிற்சி சொல்பவரின் குரல் காதில் விழாதே என்பாய். அப்போது வொலியூமைத் திருகாதே, ஸ்பீக்கரைக் கிட்டக் கொண்டு வா. தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் கூடும். அதையே வாட்ஸால் எடுக்க நாலு மடங்கு வேண்டும். பேஸை (அடித்தொனியை) குறைத்து நடு ஒலியைக் கொஞ்சம் ஏற்றினால் பேச்சு மழைக்கு மேலே எழும்பும். வட்டவளையில் இருந்துகொண்டு மழையோடு வாட்ஸால் மல்லுக்கட்ட ஏலாது மச்சான்.

நான் சொல்வது இதுதான்: பாவித்த 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர், புத்தக அலுமாரியில் வைக்கிற சின்ன வகை, ஒரு சோடியும், சின்ன கிளாஸ்-டி அம்ப் (சூடும் மின்செலவும் குறைந்த ஒலிபெருக்கிச் சுற்று) போர்டு ஒன்றும் எடு. ஸ்பீக்கரைப் பார்க்காமல் சல்லி கொடுக்காதே. முன் வலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாக அழுத்து. றப்பர் என்றால் நல்லது. ஸ்பொஞ்ச் என்றால் நம் ஈரத்தில் உளுத்துத் தூளாகும். விரலில் கறுப்பு ஒட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வா. பிறகு இரண்டு கையின் விரல்களாலும் கூம்பைச் சமமாக உள்ளே தள்ளு. ‘சரக்’ என்று உரசினால் உள்ளே சுருள் இடிக்கிறது, அதுவும் வேண்டாம். மல்ட்டிமீற்றரை வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 காட்டும், பயப்படாதே. ஒன்றுமே காட்டாவிட்டால்தான் சுருள் அறுந்திருக்கும்.

அம்புக்கு டிபிஏ 3116 (TPA3116) சிப் உள்ள போர்டு போதும். 12 வோல்ட்டில் 8 ஓமுக்கு ஏறக்குறைய 8 வாட்ஸ் வரும், 24 வோல்ட்டில் 30 வரை போகும். அந்த சிப்பின் எல்லை 26 வோல்ட், அதைத் தாண்டவிடாதே. பழைய லெப்டொப்பின் 19 வோல்ட் அடெப்டர் கிடந்தால் அதையே மாட்டு, தனியாக வாங்க வேண்டாம்.

வயர் 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு. அதிகம் பிழைப்பது இந்த இடத்தில்தான். நுனியில் ஒரு மயிரிழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலே அம்ப் படுத்துவிடும், ஆகவே முறுக்கி ஈயம் பிடி. சிவப்புக்குச் சிவப்பு. ஒரு பக்கம் மாறினாலும் பாட்டுக் கேட்கும், ஆனால் பேஸ் மட்டும் எங்கோ தொலைந்துவிடும். சந்தேகம் என்றால் 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பார்: பிளஸ் சிவப்பில் பட்டால் பேஸ் கூம்பு வெளியே தள்ள வேண்டும்.

ஸ்பீக்கர் இரண்டும் நாலடி உயரத்தில், முகம் சற்றே கீழே சாய்ந்து இருக்கட்டும். நீ நிற்கும்போதும் பாயில் படுக்கும்போதும் காது ஒரே உயரத்தில் இல்லையே. மூலையில் வைக்காதே, குமுறும். பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரிலும் வேண்டாம், சின்னம்மா தூங்கமாட்டா. சுவரில் தட்டு அடிக்கவும் வேண்டாம், பழைய சுண்ணாம்புப் பூச்சில் ரோல் பிளக் (திருகாணியை இறுக்கும் பிளாஸ்டிக் குழாய்) பிடிக்காது. டம்பெல் விழுகிற அதிர்வில் தட்டே கழன்று வரும். மரத்தாங்கி அடித்து, அடியில் பழைய ரியூப் றப்பர் இரண்டு துண்டு போடு. வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால் பூஞ்சணமும் குறையும்.

புளூடூத்தில் பாட்டுக்குக் குறையில்லை. வீடியோவில் அழைத்து நேரடியாகப் பயிற்சி செய்வதென்றால் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், அதற்கு வயர்தான். போனைச் சார்ஜ் போட்டபடி வயரில் கொடுத்தால் சில நேரம் ‘ம்ம்ம்’ என்று இரையும், சார்ஜரைக் கழற்றினால் நிற்கும். பின்னேரம் இடி இடிக்கத் தொடங்கினால் அடெப்டரைப் பிளக்கிலிருந்து உருவிவிடு. சுவிட்சை அணைத்தது போதாது.

பார்த்து வைத்த ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. ஓமும் டெசிபலும் தெரிந்தால் மறுநாளே பதில் போடுகிறேன். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

இப்படிக்கு
கணேஷ்