சனிக்கிழமைக் கூட்டு வகுப்பைத் திரும்பத் தொடங்குங்கள்

எங்கள் பிள்ளைகள் படிக்கும் இசைப் பள்ளியின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பாடுகிறவர்களும் வாத்தியம் வாசிக்கிறவர்களும் சேர்ந்து பழகும் சனிக்கிழமைக் கூட்டு வகுப்பை நிறுத்தியதற்கு நீங்கள் சொன்ன காரணங்கள் தெரியும். அறை போதவில்லை, தேர்வு நெருங்குகிறது. சரி. ஆனால் அதன் விளைவை ஆண்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து நீங்களும்தான் பார்த்தீர்கள்.

அன்று மேடையில் ஒரு மாணவி பாடியது ஆதி தாளத்தில் அரை இடம் தள்ளி, அதாவது தாளத்தின் முதல் தட்டுக்குச் சற்றுப் பின்னால், எடுக்கிற கீர்த்தனை. மிருதங்கம் என் மகன். வீட்டில் தாளச் செயலியை வைத்துக்கொண்டு தினமும் சாதகம் செய்கிறவன், பாடத்தில் குறை கிடையாது. ஆனால் செயலி மூச்சு வாங்காது. ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளில் ஒன்று பிடித்துப்போனால் அதை இன்னொரு தடவை பாடாது. அன்று அவன் பாட்டு தொடங்கிய இடத்தையே சமம், அதாவது தாளத்தின் முதல் தட்டு, என்று எண்ணி வாசிக்கத் தொடங்கிவிட்டான். அவனுக்குத் தாளத்தைக் கையில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது அவளுக்கும் தெரியவில்லை. கண்ணை மூடியபடி பாடிக்கொண்டே போனாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? பக்கவாத்தியத்தோடு அவள் பாடியதே அன்றுதான். பாட்டின் கடைசிப் பகுதியான சரணம் வரைக்கும் இரண்டு பேரும் சேரவே இல்லை. அவன் இன்னும் மிருதங்கத்தை உறையிலிருந்து எடுக்கவில்லை.

சனிக்கிழமை வகுப்பு இருந்தவரை சின்னப் பிள்ளைகள் அலங்காரம் என்ற தாளப் பயிற்சியை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், சேர்ந்து பாடுவார்கள். ஒருவர் தாளத்தை முந்தி ஓடினால் எல்லோருக்கும் தடுமாறும். அப்படித்தான் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கப் பழகினார்கள். அதற்காகவே ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பேருந்தில் வந்த பிள்ளைகளும் உண்டு. திருவையாற்றில் நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீராகம் வரை எல்லோரும் சேர்ந்து தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும் அழகைப் பற்றி விழாவில் அவ்வளவு நேரம் பேசினீர்களே, அது தனி அறையில் ஒவ்வொருவராகப் பாடம் கேட்டு மட்டும் வருவதா?

இப்போது எல்லாமே சான்றிதழுக்காக என்று ஆகிவிட்டது. அதில் பெற்றோர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. விழாவில் பொன்னாடைகளுக்குக் கிடைத்த நேரம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் இறங்கச் சொன்னால் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மனம் ஆறவில்லை.

கேட்பது ஒன்றுதான். கூட்டு வகுப்பைத் திரும்பத் தொடங்குங்கள். பாடுகிறவர், வயலின், மிருதங்கம் மூன்றும் ஒரே ஜமக்காளத்தில் உட்காரட்டும். அறை இல்லையென்றால் முன்கூடம் சனிக்கிழமை மாலையில் சும்மாதான் இருக்கிறது. பெருக்கி விரித்து வைக்கப் பெற்றோர் நாங்கள் வருகிறோம். வாரா வாரம் முடியாவிட்டால் மாதம் இரண்டு சனிக்கிழமையாவது நடத்துங்கள். எந்தத் தேதியில் தொடங்கும் என்று தயவுசெய்து அறிவிப்புப் பலகையில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மிருதங்க மாணவனின் தாய்,
அம்மாப்பேட்டை, சேலம்