அப்பாவின் கட்டிலைச் சுற்றி நின்று செபித்தவர்களுக்கு

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து உறவுகளுக்கும், எங்கள் பங்கு மக்களுக்கும், அக்கம்பக்கக் குடும்பங்களாகக் கூடிச் செபிக்கும் நம் அன்பியத்தாருக்கும் வணக்கம்.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி போன வாரம் நல்லபடியாக நிறைவேறியது. வந்திருந்த எல்லாரிடமும் நின்று பேச முடியவில்லை. பேசியிருந்தாலும் முழுதாகச் சொல்லியிருப்பேனா தெரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பக்கவாதம் வந்து அப்பா படுக்கையில் விழுந்த பிறகு சோறு கொண்டுவந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்தவர்கள், தோப்பில் தேங்காய் போட்டுக் கணக்கைச் சரியாகக் கொடுத்தவர்கள், இரவில் துணைக்குப் படுத்தவர்கள் என்று எத்தனையோ பேர். உங்கள் எல்லாருக்கும் நன்றி. ஆனால் அதையெல்லாம் விடப் பெரிய உதவி ஒன்று உண்டு. எங்களுக்குச் செபம் வராத நாட்களில் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து எங்களுக்காகச் செபித்தீர்கள்.

முதலில் அன்பியத்தாருக்கு. சாயங்காலம் முறை வைத்துச் செபமாலை சொல்ல வந்தீர்கள். இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்வுகளைத் தியானிக்கும் மறையுண்மைகளில், திங்களும் சனியும் மகிழ்ச்சி மறையுண்மை, செவ்வாயும் வெள்ளியும் துயர், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. கிழமை மாறாமல் செபமாலை எங்கள் திண்ணையில் நடந்தது. எனக்குக் குரல் எழும்பாது. நீங்கள் ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கி, பதிலையும் நீங்களே சொல்லி முடிப்பீர்கள். நான் மணிகளை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தவில்லை. அப்புறம் ஒரு நாள், ‘இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்’ என்ற இடத்தில் என் வாயும் சேர்ந்துகொண்டது. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொன்ன வரிதான். அன்றைக்குத்தான் அதை ஒரு தாயிடம் கேட்பதுபோல் கேட்டேன்.

பெரியம்மாவுக்கு ஒளியின் மறையுண்மைகள் பழக்கமில்லை. அவற்றைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்ததே 2002-இல்தானே. வியாழக்கிழமைகளில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். புதன்கிழமை மட்டும் தனியாக, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் மன்றாட்டு மாலையைச் சொல்லுவார். இயேசுவும் மாதாவும் பக்கத்தில் இருக்க உயிர்விட்டவர் என்பதால் சூசையப்பரை நன்மரணத்தின் காவலராக நம் பெரியவர்கள் கொண்டாடுகிறார்கள். ‘உங்கப்பனுக்கு இப்ப அவர்தான் வேணும்’ என்றார் பெரியம்மா. எனக்கு அந்தப் பேச்சு அப்போது கசந்தது. இன்று அவர் காலைத் தொட்டு நன்றி சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு சேச்சிக்கு என்ன சொல்வது! கத்தோலிக்கத்திலேயே அவர்கள் சீரோ மலபார் சபை, நாங்கள் லத்தீன். அவர்கள் செபம் மலையாளத்தில், எங்களுடையது தமிழில். அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று பரணங்ஙானம் போய்ப் புனித அல்போன்சாம்மா கல்லறையில் அப்பாவுக்காக வேண்டி, ஒரு படமும் கொண்டுவந்து கட்டிலுக்கு நேரே மாட்டினார்கள். அப்பா நடந்துவிட வேண்டும் என்றுதான் நான் ஒன்பது நாள் செபமான நவநாள் செய்தேன். அவர் நடக்கவில்லை. ஒரு நாள் சேச்சிதான் அந்தப் புனிதையின் வாழ்க்கையை எனக்குச் சொன்னார்கள். 1910-இல் பிறந்து, துறவு மடத்தில் நோயும் வலியுமாகவே காலம் கழித்து, 1946-இல் 35 வயதில் இறந்தவர். கட்டில்தான் அவர் கோயில். அதற்குப் பிறகு படத்தைப் பார்த்து ‘எழுப்பிவிடுங்கள்’ என்று கேட்பதை விட்டு, ‘கூட இருங்கள் அம்மா’ என்று கேட்கத் தொடங்கினேன். புனிதர்களிடம் நாம் கேட்க வேண்டியதில் இதுதான் முதலாவது என்று எனக்குத் தோன்றுகிறது.

கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் ஐயாவுக்கும் கடன்பட்டிருக்கிறேன். ‘நேரே கடவுளிடம் கேட்காமல் எதற்குப் புனிதர்கள்?’ என்று என் மகன் கேட்டபோது, அவனை அதட்டாமல் உட்காரவைத்துப் பேசினார். ஆராதனை ஆண்டவர் ஒருவருக்கே, புனிதர்களிடம் நாம் கேட்பது வேண்டுதல் துணை மட்டும். வாசலில் வந்து உட்காரும் இந்த மாமாவையும் அத்தையையும் ‘தாத்தாவுக்காக வேண்டிக்கோங்க’ என்று நீ கேட்கிறாய் அல்லவா, அதேபோலத்தான் என்றார். அன்று முதல் செபமாலைக்கு அவனே பாய் விரித்தான்.

பங்குத்தந்தைக்கும் சிஸ்டர்களுக்கும் நன்றி. முதல் வெள்ளி தவறாமல் நற்கருணை வீடு தேடி வந்தது. நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலின்போது அப்பா நல்ல நினைவோடு இருந்தார். 2013-இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாகும் வரை நாம் கோயம்புத்தூர் மறைமாவட்டம் அல்லவா, அந்தக் காலத்துச் சாமியார்களின் கதைகளை அன்று குழறிக் குழறிச் சொன்னார். ஃபாதர் அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டார். கழுத்தில் மாதா பக்திக்காக அணியும் உத்தரியத்தோடு, மறுநாள் விடியும் முன் அப்பா போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்துக்குப் பிறகு எங்களை வேனில் ஏற்றிப் பொள்ளாச்சி, மதுரை, திருநெல்வேலி வழியாக ஆரல்வாய்மொழிக்குக் கூட்டிப்போன இளைஞர்களை மறக்கவே முடியாது. 1752 சனவரி 14 அன்று புனித தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலையில் வெகுநேரம் இருந்தோம். கிறிஸ்தவராகும் முன் நீலகண்டபிள்ளையாக இருந்து, ஆடுமாடும் விளைச்சலும் போய் மனம் நொந்து கிடந்தவருக்கு எல்லாம் இழந்தும் நம்பிக்கை இழக்காத விவிலிய யோபுவின் கதையைச் சொன்னவர், 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய். அந்தப் பேச்சிலிருந்துதான் எல்லாமே தொடங்கியது. 2022 மே 15 அன்று திருச்சபை புனிதர் என்று அறிவித்தவருக்கே, ஆண்டவரைக் காட்ட ஒரு நண்பர் தேவைப்பட்டிருக்கிறார். எனக்கு நீங்கள் இத்தனை பேர். கோட்டாறு பேராலயத்தில் அவர் கல்லறை முன்னால் உங்கள் வீட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டினேன். யாரையாவது விட்டிருந்தால் ஆண்டவர் சேர்த்துக்கொள்வார்.

அப்பாவின் மடக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும் துடைத்துச் சுத்தமாகப் பங்கு இல்லத்தில் இருக்கின்றன. யார் வீட்டில் தேவையோ, உபதேசியார் ஐயாவிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லி அனுப்பினால் சாயங்காலம் செபமாலைக்கு நாங்களும் வருகிறோம்.

நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை