கேள்வியோடு சேர்த்துப் பதில்களையும் அழிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையத்தில் தாம் எழுதியதை எப்போது வேண்டுமானாலும் அழித்துக்கொள்ளும் முழு உரிமை ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழில் வெளிவந்த வாசகர் கடிதங்களைப் படித்தேன். அவற்றில் உள்ள அக்கறையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் எழுதியதும் ஒருவர் தொடங்கிவைத்த உரையாடலும் ஒன்றல்ல என்பதை அக்கடிதங்கள் கருத்தில் கொள்ளவில்லை.

நான் காவேரிப்பட்டினத்துக்கு அருகே பெங்களூரா மாமரங்கள் வைத்திருக்கும் விவசாயி. எங்கள் பகுதி மா விவசாயிகள் பலர் ஒரு சமூக வலைத்தளக் குழுவில் இணைந்திருக்கிறோம். கடந்த பூப்பருவத்தில், பூங்கொத்துகளில் இலைப்பேன் விழுந்து பிஞ்சு நிற்காமல் போகிறதே, என்ன செய்யலாம் என்று போச்சம்பள்ளிப் பக்கத்து இளைஞர் ஒருவர் அதில் கேட்டிருந்தார். நான்கைந்து நாட்களில் அறுபதுக்கும் மேற்பட்ட பதில்கள் வந்துவிட்டன. இலைப்பேனின் கூட்டுப்புழுப் பருவம் மரத்தடி மண்ணில் கழிவதால் கிளைக்கு மட்டும் மருந்தடித்துப் பயனில்லை, மரத்தடியைக் கிளறிவிட வேண்டும் என்று பர்கூர்ப் பெரியவர் ஒருவர் விரிவாக எழுதினார். நீல நிற ஒட்டுப்பொறிகளைத் தம் தோட்டத்தில் எந்த உயரத்தில் கட்டினார் என்பதைப் படம் எடுத்தும் போட்டிருந்தார். வேப்பனப்பள்ளியிலிருந்து ஒருவர், எழுதச் சோம்பலோ என்னவோ, தெலுங்கு கலந்த தமிழில் குரல் பதிவாகவே பேசி அனுப்பினார். மூன்று மருந்துகளை ஒரே டேங்கில் கலந்து அடிக்கலாம் என்று ஒருவர் சொல்ல, அப்படி அடித்து இலை கருகிய மரத்தின் படத்தோடு இன்னொருவர் மறுத்தார். பூ விரிந்த நேரத்தில் மருந்தடித்தால் தேனீக்கள் செத்துக் காய்ப்பே கெடும் என்று வேறு சிலர் எச்சரித்தார்கள். தவறான யோசனையும் அதற்கான மறுப்பும் அடுத்தடுத்து இருந்ததுதான் அந்த உரையாடலின் பெரிய பயன்.

ஒருநாள் இரவு அது முழுவதும் காணாமல் போயிற்று. கேள்வி கேட்ட இளைஞர் தமக்குக் கடனுக்கு மருந்து தரும் கடையைப் பற்றி அதில் ஒரு வரி எழுதியிருந்தார் என்றும், அது கடைக்காரர் காதுக்குப் போய்ச் சங்கடமாகிவிட்டதால் பதிவை நீக்கினார் என்றும் பிறகு தெரிந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தாம் போட்ட பதிவுதானே என்று நினைத்திருப்பார். ஆனால் அந்த ஒரு வரிக்காக, மற்றவர்கள் உழைத்து எழுதிய அறுபது பதில்களும், அவர்களில் ஒருவரைக் கூடக் கேட்காமல் அழிந்தன.

இது தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் கோளாறு அன்று. வடிவமைத்தவர்கள் செய்த தேர்வு. வாட்ஸ்அப்பில் அனைவருக்குமாக நீக்கும் வசதி 2017இல் வந்தபோது 7 நிமிடங்களே அவகாசம் இருந்தது. 2022இல் அது இரண்டு நாட்களுக்குச் சற்று அதிகமாக நீட்டிக்கப்பட்டது. அங்கே சாதாரண உறுப்பினர் தம் செய்தியை மட்டுமே நீக்க முடியும். நீக்கிய இடத்தில் அதற்கான அடையாளமும் நிற்கும். கணினி நிரலாளர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தெளியும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்திலோ, பிறர் பயனுள்ளது என வாக்களித்த பதில் ஒன்று வந்துவிட்டால், கேட்டவரே நினைத்தாலும் தம் கேள்வியை நீக்க இயலாது. நிரலாளர்களின் உழைப்புக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு எங்கள் மாமரங்களைப் பற்றிய பேச்சுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

இணையத்துக்கு முன்பே நமக்கு இந்த வேறுபாடு தெரியும். மக்களவையில் தகாத சொல்லைப் பேசிய உறுப்பினர் அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் அவைக் குறிப்பிலிருந்து நீக்கும் அதிகாரம் அவருக்கில்லை, அவைத் தலைவருக்கே உண்டு. நீக்கிய இடத்தில் நட்சத்திரக் குறிகள் இட்டு, ஆணைப்படி நீக்கப்பட்டது என்று அடிக்குறிப்பும் போடுகிறார்கள். எங்கள் மாவட்டத்து வயல்களில் நடுகற்கள் நிற்பதைத் தாங்கள் அறிவீர்கள். பட்டா என் பெயரில் இருக்கிறது என்பதற்காக அதில் நிற்கும் நடுகல்லை நான் வேலிக்கல்லாக உடைத்துக்கொள்ளலாமா? (சிலர் உடைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.)

எதிர்த் தரப்பின் வாதத்தில் என்னைத் தயங்க வைப்பது ஒன்றே. எங்கள் மாவட்டத்திலும் பக்கத்துத் தருமபுரியிலும் பதினெட்டு வயது நிறையாத பெண்களுக்குத் திருமணப் பேச்சு எடுக்கும் வழக்கம் இன்னும் முழுமையாக ஒழிந்தபாடில்லை. வீட்டில் கட்டாயப்படுத்துகிறார்கள், யாரிடம் போவது என்று ஒரு மாணவி பொதுவெளியில் கேட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கச் சொல்லிப் பலர் வழிகாட்டுகிறார்கள். அவளும் தப்பிப் படித்து ஒரு வேலைக்கு வருகிறாள். பத்தாண்டுகள் கழித்தும் அவள் பெயரைத் தேடுகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பதிவு முதலில் வந்து நின்றால் அது கொடுமை. அவளுடைய பெயர், படம், ஊர், பள்ளி அனைத்தும் கேட்ட மாத்திரத்தில் நீங்க வேண்டும். சிறு வயதினர் எழுதியதென்றால் பதிவையே நீக்கினாலும் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் அங்கே கிடைத்த வழிகாட்டுதல், பெயரில்லாமல், அடுத்த பெண்ணுக்காக இருந்துவிட்டுப் போகட்டுமே.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்வதாக எனக்குத் தோன்றுகிறது. ஸ்பெயின் நாட்டு நாளிதழ் ஒன்றில் 1998இல் வந்த ஏல அறிவிப்பைப் பற்றிய வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் கூகுள் தேடலிலிருந்து இணைப்பை நீக்க வழிசெய்ததே தவிர, நாளிதழின் பக்கத்தை அழிக்கச் சொல்லவில்லை. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின் 17ஆவது பிரிவு அழிக்கக் கோரும் உரிமையைத் தந்தாலும், கருத்துரிமைக்கும் தகவல் உரிமைக்கும் விலக்கு வைத்திருக்கிறது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தம் தரவுக்குப் பொருந்தாது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பின் பொதுப் பிரதியில் மறைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் இட்ட ஆணைக்கு உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் இடைக்காலத் தடை விதித்திருப்பதால், பெயர் மறைப்பு குறித்தும் இறுதி முடிவுக்குக் காத்திருக்க வேண்டியுள்ளது.

சட்டம் ஒதுங்கும் இடத்தில் தளங்களை நடத்துவோரும் குழு நிர்வாகிகளும்தான் விதி செய்ய வேண்டும். பதில் வரும் வரை பதிவு எழுதியவருடையது. அவர் திருத்தலாம், நீக்கலாம். பதில்கள் வந்த பிறகு அவர் தம் பெயரையும் தம் சொற்களையும் எடுத்துக்கொள்ளலாம். பிறர் சொற்களைத் தொட அவருக்கு வழி இருக்கக் கூடாது. எங்கள் இளைஞருக்கும் அந்தக் கடை பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடும் வசதி கண்ணெதிரே இருந்திருந்தால் அதையே செய்திருப்பார் என்று நம்புகிறேன். இக்கடிதத்தைத் தாங்கள் வெளியிட்ட பின் என் கருத்து மாறினால், மறுகடிதம் எழுத எனக்கு உரிமை உண்டு. அதற்காக நூலகத்தில் உள்ள பிரதியைக் கத்தரிக்கக் கேட்க மாட்டேன்.

பர்கூர்ப் பெரியவரைச் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பதிலை மறுபடியும் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். "ரெண்டு ராத்திரி கண்ணாடி போட்டுக்கிட்டு எழுதினது தம்பி, இனிமே முடியாது, தோட்டத்துக்கு வா, காட்டறேன்" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போகிறேன்.

இப்படிக்கு,
மா விவசாயி ஒருவர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.