ஆளைக் குறைத்த கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைப் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் தமிழர்கள் கொல்லப்பட்டதை மறுப்பது, போர் முடிந்தபின் தொடங்கியதல்ல. 2009 தொடக்கத்தில், போர் நடந்த வடபகுதியான வன்னியில் சுமார் 70,000 பேரே சிக்கியிருப்பதாக இலங்கை அரசு சொன்னது. உணவும் மருந்தும் அந்தக் கணக்கை வைத்தே குறைக்கப்பட்டன. மே இறுதியில் முகாம்களில் இருந்தவர்களோ ஏறத்தாழ 290,000. இருந்த ஆளையே மறைத்தால் இறந்த ஆளை மறைப்பது எளிது. 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் கூறியது. 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியும் இடிக்கப்பட்டது.

இங்கு வாழும் ஈழ உறவுகள் சாட்சியத்தை இப்போதே எழுதி வைக்க வேண்டும்: இறந்தவர் அல்லது காணாமல் போனவரின் பெயர், ஊர், கடைசியாகக் கண்ட நாள், இடம், கண்டவர் யார். படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். மூலக் கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள்.

வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு